பீட்டில்ஸின் 'ரெயின்' பாட்டில் அந்த இழுவை எப்படி வந்தது? ஆடாசிட்டியில் நாமே செய்து பார்க்கலாம்

1966 ஜூனில் இங்கிலாந்தில் வந்த, அந்நாட்டு ராக் குழு பீட்டில்ஸின் சிங்கிளில் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு இசைத்தட்டு) ஏ-சைடு, அதாவது முன்பக்கம், 'பேப்பர்பேக் ரைட்டர்'. அங்கேயும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த பாட்டு. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் 'ரெயின்'. 'ரிவால்வர்' ஆல்பத்துக்கான பதிவுகள் நடந்த அதே ஏப்ரலில், 14, 16 தேதிகளில், லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈஎம்ஐ ஸ்டுடியோவில் பதிவான பாட்டு இது. ஆனால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தட்டின் பெரிய பாட்டு பின்பக்கத்தில்தான் இருக்கிறது. தன் டிரம் வாசிப்புகளில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று குழுவின் டிரம்மர் ரிங்கோவே சொல்லியிருக்கிறார்.

முதல்முறை கேட்பவர்களுக்கு ஒரு கனம் தெரியும். டிரம், கிதார், பேஸ் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பது போல. மெதுவாக வாசித்தால் இது வராது. அவர்கள் வேகமாக வாசித்துப் பதிந்துவிட்டு, டேப் மோட்டாரின் வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது 20 வயது. பாட்டைப் பாடிய ஜான் லெனனின் குரலுக்கு நேர் எதிர்வழி: டேப் மெதுவாக ஓடும்போது பாட வைத்து, பிறகு இயல்பான வேகத்தில் ஓட்டினார்கள். கீழே கனம், மேலே மெலிந்து கூரான குரல். கடைசியில் அந்தக் குரலே தலைகீழாக வருகிறது. இந்த மூன்றையும் வரிசையாகச் செய்வோம்.

தேவையானவை

கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். இலவசம். இந்த வேலைக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கைப்பேசி ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் படி 2-இல் வருகிறது. ஒரு மைக், வயர் உள்ள ஹெட்ஃபோன். பதிவை வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 வேண்டாம்.

படி 1: வேகமாக வாசித்துப் பதியுங்கள்

கிதார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேசையில் தாளம் தட்டி, இடையிடையே ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினாலும் போதும். இறுதியில் நிமிடத்துக்கு 100 அடி வேண்டுமென்றால் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) 112-இல் வைத்து வாசியுங்கள். கொஞ்சம் அவசரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

படி 2: இழுங்கள்

பதிந்த டிராக்கை (ஆடாசிட்டி திரையில் ஒலி தெரியும் வரிசை) தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'பிட்ச் அண்ட் டெம்போ' பிரிவுக்குள் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்'. சதவீதக் கட்டத்தில் -10.910. சுருதி இரண்டு அரைச்சுரம் இறங்கும், தாளமும் அதே அளவு தளரும்.

பக்கத்திலேயே 'சேஞ்ச் டெம்போ' என்று ஒன்று இருக்கும். அது வேண்டாம். அது சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் நீட்டும். கிளிப்பின் (டிராக்கில் உள்ள ஒலித்துண்டின்) ஓரத்தைப் பிடித்து நீட்டினாலும் அதே கதைதான். பெரும்பாலான கைப்பேசி ஆப்களும், யூடியூபின் வேகக் குறைப்பும் இந்த வகையே. டேப்புக்கு அந்த வசதி கிடையாது. வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கியாக வேண்டும், அந்தக் கட்டாயம்தான் 'ரெயின்' ஒலிக்கு அடிப்படை.

இப்போது தட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். 'ணங்' என்று சட்டென்று வெட்டியது, அடி விழுந்ததும் விரிந்து, கனத்து, நேரம் எடுத்து அடங்கும். ரிங்கோவின் சிம்பல்களில் கேட்பது இதுதான். 2022-இல் வந்த 'ரிவால்வர்' சிறப்புப் பதிப்பில் இந்தப் பாட்டின் ஐந்தாவது டேக் (பதிவு முயற்சி) வாசித்த வேகத்திலும், குறைத்த வேகத்திலும் அடுத்தடுத்து இருக்கிறது. இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். வாசித்த வேகத்தில் அது துள்ளலான ராக் பாட்டு!

படி 3: குரல்

பலரும் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

இழுத்த தாள டிராக்கை நகலெடுங்கள். மூலத்தை மியூட் செய்துவிட்டு, நகலை மட்டும் இன்னொரு முறை -10.910 குறையுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே புது டிராக்கில் பாடுங்கள். மந்தமாக இருக்கும். எழுத்துகளைத் தெளிவாக, கொஞ்சம் அழுத்தியே உச்சரியுங்கள், பின்னால் வேகம் கூடும்போது சரியாகிவிடும்.

பாடி முடித்ததும் குரல் டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு? 10.910 குறைத்ததால் 10.910 கூட்டினால் போதும் என்றுதான் கை போகும். அப்படிச் செய்தால் குரல் தாளத்தை விட்டு மெல்ல மெல்லப் பின்தங்கும். மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் இரண்டு நொடிக்கு மேல் விலகி நிற்கும், சுருதியும் சேராது. 100-இல் 10.91 போனால் மீதி 89.09. அந்த 89.09 மறுபடி 100 ஆக வேண்டுமென்றால் 12.246 சதவீதம் ஏற வேண்டும். ஆகவே கட்டத்தில் 12.246 என்று போடுங்கள். பிறகு நகலை அழித்துவிட்டு மூலத்தின் மியூட்டை எடுங்கள். குரல் தாளத்தில் கச்சிதமாக உட்காரும்.

படி 4: தலைகீழ்

'ரெயின்' முடியும் இடத்தில் லெனன் பாடிய முதல் வரியே பின்னோக்கி ஓடுகிறது. இந்த யோசனை யாருடையது என்பதில் இரண்டு கதைகள். அன்றிரவு பதிவின் டேப்பை வெய்பிரிட்ஜ் வீட்டுக்கு எடுத்துப்போய், கஞ்சா போதையில் தலைமாற்றிப் போட்டுவிட்டதாக லெனன் சொன்னார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொன்னது வேறு: லெனன் வெளியே போயிருந்த நேரத்தில், குரலில் ஒரு துண்டைத் தனி ஸ்பூலில் ஏற்றித் திருப்பி, பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகர்த்தியது தானே என்றார். நான் மார்ட்டின் பக்கம். டேப்பைத் தவறாக மாட்டினால் முழுப்பாட்டும்தான் தலைகீழாகும். குரலை மட்டும் பிரித்துத் தாளத்தின்மேல் உட்கார வைக்க, அவர் சொன்ன அந்த நகர்த்தும் வேலையைச் செய்தே ஆகவேண்டும். முதல் பொறி லெனனுடையதாகவே இருக்கலாம்.

நாமும் அதையேதான் செய்யப் போகிறோம். குரலின் முதல் வரியை நகலெடுத்துப் புது டிராக்கில் ஒட்டுங்கள். வரிக்கு முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டிவிடுங்கள். எஃபெக்ட், 'ஸ்பெஷல்', 'ரிவர்ஸ்'. எதிரொலி வேண்டுமென்றால் ரிவர்ஸுக்கு முன்பே ரிவெர்பைப் போடுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு வீக்கம் எழும்.

பொருத்தும்போது கிளிப்பின் தொடக்கத்தைத் தாளத்தோடு சேர்க்கப் பார்க்காதீர்கள். திருப்பிய ஒலி மெல்ல எழுந்து சட்டென்று அறுபடும், காது பிடிப்பது அந்த அறுபடும் இடத்தை. அது அடியில் விழும்வரை கிளிப்பை நகர்த்துங்கள்.

பின்சேர்க்கை 1: 12.246 போட்ட பிறகும் குரல் முழுக்க ஒரே அளவு தள்ளி நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால் புளூடூத் ஹெட்ஃபோன். தாளம் காதுக்குத் தாமதமாக வந்து சேர்கிறது, நீங்களும் தாமதமாகவே பாடுகிறீர்கள். போகப்போக விலகினால் சதவீதம் தப்பு. ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் தாமதம். தாமதம்தான் என்றால் குரல் கிளிப்பை இடப்பக்கம் நகர்த்தினால் தீர்ந்தது.

பின்சேர்க்கை 2: முடித்ததை மோனோவாக மாற்றியும் ஒருமுறை கேளுங்கள். 1966 சிங்கிள் மோனோவில்தான் வந்தது. ஒலி இடவலமாகப் பிரியாமல் ஒரே இடத்திலிருந்து வரும்போது இந்த இழுவை இன்னும் கனமாகத் தெரிகிறது.