அட்டையாகிப் போன பாட்டேட்டை விவரிப்பது எப்படி?

அச்சு வந்த பிறகு ஐரோப்பாவில், தேவாலயங்களில் பாடக் கையால் எழுதிய பழைய லத்தீன் பாட்டுப் புத்தகங்களைப் பிரித்து, வேறு புத்தகங்களுக்கும் கணக்கேடுகளுக்கும் அட்டை போட்டார்கள். 1568, 1570-இல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை புதிய வழிபாட்டு நூல்களை வெளியிட்டதும் பழையவை இன்னும் மலிந்தன. அப்படி ஒரு கணக்கேட்டிலிருந்து கழன்ற ஒற்றைத் தோல் ஏட்டை வைத்துத்தான் நான் இதைக் கற்றேன்.

முதலில் அளவு. மில்லிமீட்டரில், உயரம் முன்னால், அகலம் பின்னால். எழுத்துப் பரப்பைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இரும்பு டேப் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். மடிப்பு, தையல் துளை, பசைக் கறை எதையும் விடாதீர்கள்.

அப்புறம் இசைக்குறி. சதுரப் புள்ளிகளா, லாட ஆணி போன்ற ஜெர்மானிய வடிவமா, கோடே இல்லாத நியூம்களா (சுரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பழைய குறிகள்)? கோடுகளில் ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் எஃப் சுரம். மஞ்சள் என்றால் சி. 11-ஆம் நூற்றாண்டில் அரெட்சோ ஊர் குயிதோ பரப்பிய முறை இது.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த இடத்தில். பாட்டின் முடிவில் 'எ உ ஓ உ ஆ எ' என்று இருந்தது. இரண்டு நாள் அகராதியில் தேடினேன். அது சொல்லே அல்ல. 'செக்குலோரும் ஆமென்' (என்றென்றும், ஆமென்) என்ற லத்தீன் செப முடிவில் மெய்யை உதிர்த்துவிட்டு உயிரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பல்லவியோடு சேரும் திருப்பாடலை (விவிலியச் சங்கீதத்தை) எந்தச் சுரங்களில் முடிப்பது என்று அதன் மேலுள்ள குறிகள் பாடகருக்குச் சொல்கின்றன. எத்தனை அழகான சிக்கனம்!

பிற்சேர்க்கை: இந்த உயிரெழுத்து வரிசை இருந்தால் திருப்புகழ்மாலை (நாளின் பல வேளைகளில் சொல்லும் செபம்) நூல்தான் என்று முன்பு எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் திருத்தினார். திருப்பலியின் (அப்பமும் இரசமும் படைக்கும் பூசையின்) தொடக்கத்தில் பாடும் வருகைப் பல்லவிக்குப் பின்னும் இது வரும். ஆகவே சிவப்பு மைக் குறிப்புகளையும் பாருங்கள். 'கிராதுவாலே', 'ஒஃபெர்தோரியும்' என்ற பாட்டுப் பெயர்கள் இருந்தால் திருப்பலி நூல். 'நொக்டர்ன்' என்ற இரவுச் செபப் பகுதியின் பெயர் இருந்தால் திருப்புகழ்மாலை.

சரி, இனி பாட்டின் முதல் சொற்களை லத்தீன் தேவாலயப் பாட்டுகளுக்கான கான்டுஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். உயிரெழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால் அங்கே பெரும்பாலும் ம் அல்லது ன் மறைந்திருக்கும். அதை விரித்துவிட்டுத் தேடுங்கள். 'ஆத் தே லெவாவி' வருகைப் பல்லவியாக வந்தால், அது திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களின்) முதல் ஞாயிறு. இப்படி இரு பக்கப் பாட்டுகளும் தெரிந்தால், எது முன்பக்கம் என்பதை அவற்றின் வரிசையே காட்டிவிடும்.

கடைசியாக, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்கிலிருந்து நடக்கும், சிதறிய கையெழுத்து ஏடுகளைத் திரட்டும் ஃப்ராக்மென்டாரியும் தளத்தில் தேடுங்கள். அட்டை போட்டவர் ஓரத்தை வெட்டியதில் ஏட்டின் அளவு மாறியிருக்கும். எழுத்துப் பரப்பு பல சமயம் தப்பியிருக்கும். அதுவும், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்பதும், கையெழுத்தும் ஒத்துப்போனால், உங்கள் ஏட்டோடு ஒரே புத்தகத்தில் இருந்த இன்னோர் ஏடு அகப்படலாம்.