ஹோட்டன் சமவெளிக்குத் தனியாக நடக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தேசிய பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் வாகனத்தை விட்டுக் கீழே இறங்க முடியாது. யாலவோ வில்பத்துவோ, ஜீப்பில் இருந்தபடிதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஹோட்டன் சமவெளி அப்படியல்ல. வழிகாட்டி இல்லாமல், தனி ஆளாக, உங்கள் வேகத்தில் நடந்து பார்க்கலாம். காட்டை நேசிக்கிறவருக்கு இது பெரிய கொடுப்பினை. ஆனால் காலை ஆறு மணிக்கு வாயில் திறந்ததும் உள்ளே போகிறவர்களில் பலர் ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பு ஒன்றை மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே நடக்கும் தவறுகளில் பாதி அந்த ஓட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். நுவரெலியாவில் இருந்து சுமார் 32 கிலோமீற்றர். கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேல். 1988இல் தேசிய பூங்காவானது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் மேட்டுநிலம் இதுதான். நடைபாதை ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தடியில் தொடங்கி, சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறது. மொத்தம் ஒன்பது, ஒன்பதரைக் கிலோமீற்றர். சாதாரணமாக நடந்தால் மூன்று, நான்கு மணித்தியாலம் போதும்.

அவசரத்துக்குக் காரணம் மூடுபனி. உலக முடிவில் மலை சுமார் 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏற ஏற, கீழே இருக்கும் தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். வரும் வழியில் குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போனால் பல நாட்களில் வெள்ளைத்திரை மட்டும்தான். அதனால் எல்லோரும் விடிந்ததும் விடியாததுமாக அங்கே போய் நிற்கப் பார்க்கிறார்கள். ஆனால் விலங்குகளும் பறவைகளும் வெளியே நடமாடுகிற நேரமும் அதே அதிகாலைதான்! காட்சியும் வேண்டும், விலங்குகளும் வேண்டும் என்று இரண்டையும் ஓடி ஓடிப் பிடிக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். எது வேண்டும் என்று முதல் நாள் இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசை என்றால் நேரே போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் நிதானமாக வாருங்கள். உயிரினங்களைப் பார்க்க ஆசை என்றால் முகில் மூடினால் மூடட்டும் என்று விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சரி. உலக முடிவு இன்னொரு நாளும் அங்கேயே இருக்கும்.

நடை தொடங்கும் முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. பூங்காவின் பட்டிப்பொல வாயிலில் இருந்து ஃபார் இன்னுக்குப் போகும் பாதையோரம் அரெங்கா குளம் என்று ஒரு சிறிய குளம் இருக்கிறது. வாகனங்கள் நிற்காமல் அதைத் தாண்டிப் போகின்றன. இலங்கையில் மட்டுமே வாழும் சீழ்க்கைப் பூங்குருவி மங்கலான வெளிச்சத்தில் அங்கேதான் வெளிவரும். மெல்லிய கம்பியைக் கல்லில் இழுத்தது போல, காதைத் துளைக்கும் ஒரு கீச்சுக் குரல். குரல் கேட்டதும் கழுத்தைத் திருப்பித் தேடினால் அது புதருக்குள் போய்விடும். நின்ற இடத்தில் நின்றபடி, நீரோரம் உள்ள தாழ்ந்த கிளைகளைக் கண்ணால் மட்டும் துழாவுங்கள். ஆண் பறவை என்றால் கருநீல உடம்பில் தோள்பட்டை மட்டும் மினுங்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு அதைப் பார்ப்பது கடினம்.

தனியாகப் போகிறவரிடம் கூட்டத்தில் போகிறவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: சத்தமின்மை. பேசுவதற்கு ஆள் இல்லை, ஆகவே காது முழுதாகக் காட்டுக்கே. அப்படியிருக்க, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய இழப்பு! பாதுகாப்புக்கும் அது கேடு. சமவெளியில் நடப்பது பலவும் முதலில் காதுக்குத்தான் தெரியும். மரை, அதாவது தமிழ்நாட்டில் கடமான் என்று சொல்வது, ஆபத்தை உணர்ந்தால் முன்காலைத் தரையில் தட்டும், வாலை நிமிர்த்தும். பிறகு ஒற்றை ஒலியாக, ஊதல் போல உரத்துக் கத்தும். அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டு, புல்வெளியில் மேயும் மரைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றால், நீங்களும் நில்லுங்கள். அந்தத் திசையில் சிறுத்தை இருக்க வாய்ப்பு அதிகம்.

சிறுத்தை பற்றிய பயத்தில் இருவகைத் தவறு உண்டு. ஒன்று, அது இருப்பதையே மறந்து காட்டுக்குள் ஒதுங்குவது. மற்றது, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று தேடிக்கொண்டு போவது. இலங்கைக் காட்டில் புலி இல்லை. சிறுத்தைதான் உச்சி வேட்டைவிலங்கு. இந்தச் சமவெளியில் அதன் முக்கிய இரை மரை. நடைபாதையிலேயே மயிர் கலந்த, காய்ந்து வெளுத்த எச்சத்தைப் பார்க்கலாம். பெரும்பாலும் சிறுத்தை உங்களைப் பார்த்து விலகிப் போய்விடும். நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடக்கூடாது, முதுகு காட்டக்கூடாது, குனிந்து உட்காரக்கூடாது. அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள், அது போவதற்கு வழி விடுங்கள். கமராவை எடுப்பதெல்லாம் அப்புறம்.

மரைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது

எல்லாத் தவறுகளிலும் மோசமானது என்று நான் நினைப்பது இதைத்தான். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் வந்து நிற்கும். ஆள் பக்கத்தில் போனாலும் நகராது. பிஸ்கட்டோ பாணோ நீட்டினால் கையில் இருந்தே வாங்கும். தனியாக வந்தவருக்கு அது மனதை நெகிழ வைக்கும் தருணமாகத் தெரியலாம். அந்த மரை ஏன் அப்படி நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வருகிற எல்லோரும் கொடுத்துக் கொடுத்து அதைப் பிச்சை கேட்கப் பழக்கிவிட்டோம்.

மரை அசைபோடும் விலங்கு. புல்லையும் இலையையும் மெல்ல மெல்லச் செரிக்கவே அதன் இரைப்பை அமைந்திருக்கிறது. மாவும் சீனியும் ஒரேயடியாக உள்ளே போனால் புளித்து, அமிலம் கூடி, வயிறு கெடும். அதைவிடக் கொடியது பொலித்தீன். உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறை மரைக்கு உணவாகத்தான் மணக்கும். விழுங்கிய உறை இரைப்பையிலேயே சுருண்டு தங்கிவிடும். உள்ளே இடம் இல்லாமல் போகும். வயிறு நிறைந்திருக்க அந்த விலங்கு பட்டினியால் சாகும். இப்படி இறந்த மரைகளின் வயிற்றில் இருந்து பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள். நுழையும் இடத்தில் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறையையும் தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். அதைத் தொந்தரவாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். வீட்டில் இருந்தே சாப்பாட்டுப் பெட்டியிலும் திரும்பப் பாவிக்கும் போத்தலிலும் கொண்டுவந்தால் சோதனையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று: அது பழகிய விலங்கு போலத் தெரிந்தாலும் காட்டு விலங்குதான். வளர்ந்த கிடா மரை 200 கிலோவைத் தாண்டும். துணை தேடும் காலத்தில் கொம்போடு நிற்கும் கிடாவின் பக்கத்தில் செல்பி எடுக்கப் போவது மிகவும் ஆபத்து. கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பி விரிந்து சிவந்து, தலை தாழ்ந்தால், அது உங்களை விலகச் சொல்கிறது.

உடை, வழி, விளிம்பு

“இலங்கைதானே, எவ்வளவு குளிரப்போகிறது” என்று கொழும்பில் போடும் உடுப்போடு வருகிறவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படியும் இடம் இது. டெனிம், பருத்தி இரண்டுமே மழையில் நனைந்தால் காயாது. நனைந்த துணியோடு காற்றடிக்கும் வெளியில் நடந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். நடுக்கம் நிற்காமல், கையால் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலை வந்தால் அது விளையாட்டல்ல. கூட ஆள் இருந்தால் கவனித்துச் சொல்வார். தனியாக இருந்தால் நீங்களே முன்கூட்டி உணர வேண்டும். கழற்றிப் போடக்கூடிய இரண்டு மூன்று அடுக்கு உடை, மேலே மழை அங்கி, பிடிமானமுள்ள சப்பாத்து. பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், தொப்பியும் வேண்டும்.

வழி தவறுவது எப்படி என்று சிலர் கேட்பார்கள், ஒரே பாதைதானே என்று. பாதை ஒன்றுதான். ஆனால் மரைகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்களும் அதில் இருந்து பிரிந்து போகின்றன. மூடுபனியில் அவை மனிதர் போட்ட ஒற்றையடிப்பாதை போலவே தெரியும். இந்தச் சுற்றில் தனி ஆளுக்குள்ள பெரிய பாதுகாப்பே, பின்னால் யாராவது வந்துகொண்டிருப்பார்கள் என்பதுதான். பாதையில் கால் பிசகினால் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து சேருவார். புல்வெளிக்குள் 50 மீற்றர் தள்ளி விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாது. போன் சிக்னலை நம்ப முடியாது. முகில் இறங்கி முன்னால் இருப்பது தெரியாமல் போனால் நின்றுவிடுங்கள். காற்று அதை நகர்த்தும் வரை காத்திருங்கள். ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டியிருப்பது நல்லது. பாதையை விட்டு விலகினால் மண்ணுக்கும் கேடு. ஈரப் புல்வெளியில் பதிந்த காலடி லேசில் மறையாது.

கிரிகல்பொத்த மலை 2,389 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம். இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது என்பதால் சிலருக்கு ஆசை வரும். நீண்ட வழி, சதுப்பும் அடர்ந்த காடும், ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே தனியாகப் போகாதீர்கள். உயரம் ஏறியே ஆகவேண்டும் என்றால் பட்டிப்பொலப் பாதையில் இருந்து ஏறும் தொட்டுபொல கந்த இருக்கிறது. 2,357 மீற்றர், ஆனால் ஏற்றம் குறுகியது.

உலக முடிவின் விளிம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்தில் இருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்பக்கமாக நகர்ந்தபோது விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே மரமொன்றில் சிக்கியதால் பிழைத்தார், இராணுவத்தினர் மீட்டார்கள். உதவிக்குக் கத்த அவருக்கு மனைவி பக்கத்தில் இருந்தார். உங்களுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியடியிலும் பாறைகள் வழுக்கும். பார்த்துவிட்டு வாருங்கள், நீரில் இறங்க வேண்டாம்.

பெரியதையே தேடிச் சின்னதைத் தவறவிடுவது

சிறுத்தை வருமா, மரைக்கூட்டம் வருமா என்று தூரத்தையே பார்த்து நடக்கிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைக் காண்பதில்லை. பாசி படர்ந்த மரத்தண்டுகளில், இடுப்பு உயரத்தில், மூக்கின் நுனியில் வெள்ளை முள் போல ஒரு கொம்போடு ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கையின் உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. பாசியின் நிறத்தோடு கலந்திருப்பதால் அது அசையும்வரை தெரியாது. அதுவும் லேசில் அசையாது. ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று, தண்டை அடியில் இருந்து மேல்நோக்கிப் பொறுமையாகப் பார்த்தால் கொம்பின் வெண்மைதான் முதலில் கண்ணில் படும். கண்டதும் கையில் எடுக்காதீர்கள், படத்துக்காகக் குச்சியால் நகர்த்தாதீர்கள். இவற்றைச் செல்லப்பிராணி வணிகத்துக்காகக் கடத்துகிறார்கள். 2019 முதல் இந்த இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே படத்தை இணையத்தில் போட்டாலும் எந்த மரம், எந்த வளைவு என்று எழுத வேண்டாம்.

உயரமான மரங்களில் ஊதாமுக மந்தியின் கரகரத்த கூச்சல் கேட்கும். குளிருக்கு ஏற்றபடி மயிர் அடர்ந்திருப்பதால் கரடிக் குரங்கு என்றும் சொல்வார்கள். கூச்சல் கேட்ட பக்கமாக ஓடினால் கூட்டம் உள்ளே போய்விடும். பாதையிலேயே நின்றால் சில சமயம் அவையே உங்கள் தலைக்கு மேலால் கிளை தாவிக் கடக்கும்.

திரும்பிப் போகும் கணக்கைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். ஒஹியவில் ரயிலால் இறங்கி நடந்தே மேலே வரலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. ஸ்டேஷனில் இருந்து ஃபார் இன்னுக்கு ஏற்றமாகச் சுமார் 11 கிலோமீற்றர். அதற்கு மேல் பூங்காச் சுற்று, பிறகு இறக்கம். ஒரு நாளில் 30 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். மேலே ஏறும்போதாவது வாகனம் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சாரதியிடமும் தங்கியிருக்கும் இடத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். மாலையாகிவிட்டால் சாரதியிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். அந்த நேரத்தில் மரைகள் கூட்டமாகப் பாதையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும், அவை கடந்து முடியும்வரை விளக்கைத் தாழ்த்தி, ஹோர்ன் அடிக்காமல் நின்று போக வேண்டும்.