பாட்டுக்குத் தனி பேட்டரி

வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் ராத்திரியில் எங்கள் பைபர் படகில் பாட்டுதான் துணை. ஸ்டீரியோவை இன்ஜின் பேட்டரியிலேயே மாட்டியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும். பக்கத்துப் படகுக்காரர் பேட்டரி கொடுத்து உதவினார். இரண்டு வாரம் கிண்டலும் செய்தார்.

இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் பேட்டரியின் உள்தகடுகள் மெல்லியவை. சில நொடி வேகமாகக் கரண்ட் தரும். மணிக்கணக்கில் இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் பாட்டுக்கென்று, மணிக்கணக்கில் இழுத்தாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி வாங்கினேன்; 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர். கடைக்காரர் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும், திரவ ஆசிட் உள்ள டியூபுலர் பேட்டரியைக் காட்டினார். அலையில் ஆடினால் ஆசிட் சிந்துமே என்று சீல் செய்ததையே எடுத்தேன். என் செட் சராசரியாக 5 ஆம்பியர் இழுக்கும். பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அதாவது 50 ஆம்பியர்-அவர்தான் எடுக்கலாம், ஆக 10 மணி நேரம். பாட்டை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மல்டிமீட்டர் 12.2 வோல்ட் காட்டினால் அன்றைய கச்சேரி முடிந்தது.

அப்புறம் உப்புக்காற்று. டெர்மினலில் பச்சையாகப் பூத்துவிடும். வயரைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுகிறேன். கரை வந்ததும், மீன் இறக்குவதற்கு முன்பே, பேட்டரி சார்ஜுக்குப் போய்விடும்.