ஜெட்டியில் எச்டிடிபிஎஸ் வரவில்லையா? முதலில் கீஸ்டோரைத் திறந்து பாருங்கள்

ஜாவா அப்ளிகேஷனுக்குள்ளேயே ஜெட்டி என்ற வெப் சர்வரை வைத்து ஓட்டுகிறீர்கள், 8080 போர்ட்டில் (சாதா எச்டிடிபி) எல்லாம் சரியாக வருகிறது, 8443-ல் (எச்டிடிபிஎஸ்) மட்டும் இணைப்பு அறுந்துபோகிறது. லாகைப் பார்த்தால், இரு பக்கத்துக்கும் பொதுவான சைஃபர் சூட் (இணைப்பைப் பூட்டும் என்க்ரிப்ஷன் முறைகளின் தொகுப்பு) இல்லை என்று ஒரு எர்ரர். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் பாதுகாப்பு நெறிமுறை டிஎல்எஸ் 1.3 என்றால் அதே கோளாறு, ஆதென்டிகேஷன் ஸ்கீம் இல்லை என்று வேறு வார்த்தையில் வரும். உடனே சைஃபர் பட்டியலில் கை வைக்காதீர்கள், பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

படி 1: ஜாவாவோடு வரும் கீடூலின் லிஸ்ட் கட்டளையில் உங்கள் கீஸ்டோரை (சாவியும் சர்ட்டிஃபிகேட்டும் இருக்கும் ஃபைலை) கொடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவின் பெயருக்கும் (ஏலியஸ்) பக்கத்தில் அதன் வகை வரும். 'பிரைவேட் கீ என்ட்ரி' ஒன்றாவது இருக்க வேண்டும். வெறும் 'டிரஸ்டட் சர்ட் என்ட்ரி' மட்டும்தான் என்றால், தன்னை நிரூபிக்கச் சர்வரிடம் சாவியே இல்லை. அதனால் சர்ட்டிஃபிகேட் தேவைப்படும் சைஃபர்கள் எல்லாம் கழிந்துபோய், மிச்சம் ஒன்றும் இருக்காது. எப்படி இப்படி ஆகிறது? சாவியை ஒரு ஏலியஸில் உருவாக்கிவிட்டு, கையெழுத்தாகி வந்த சர்ட்டிஃபிகேட்டை வேறு ஏலியஸிலோ புது ஃபைலிலோ இம்போர்ட் செய்வதால்தான். முதலில், கையெழுத்துப் போட்ட நிறுவனத்தின் ரூட், இன்டர்மீடியட் சர்ட்டிஃபிகேட்டுகள் இரண்டையும் தனித்தனிப் பெயரில் ஏற்றுங்கள், அப்புறம் உங்கள் சர்ட்டிஃபிகேட்டைச் சாவி இருக்கும் அதே ஏலியஸில் ஏற்றுங்கள்.

படி 2: சர்ட்டிஃபிகேட்டை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் வாங்கியது என்றால் கீடூலோடு மல்லுக்கட்டவே வேண்டாம். எனக்கு இதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டளைக் கருவிதான் பிடிக்கும்: ஃபுல்செயின் ஃபைலையும் (உங்கள் சர்ட்டிஃபிகேட்டும் இன்டர்மீடியட்டும் சேர்ந்தது) பிரைவேட் கீ ஃபைலையும் சேர்த்து ஒரே பிகேசிஎஸ்12 கீஸ்டோர் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிடலாம். ஜாவா 9 முதல் அதுதான் கீஸ்டோரின் டிஃபால்ட் வடிவம். ஃபுல்செயின் முக்கியம். இன்டர்மீடியட் விட்டுப்போனால் பிரவுசர் சில சமயம் சமாளித்துக்கொள்ளும், ஆனால் ஜாவா கிளையன்ட் சர்ட்டிஃபிகேட் சங்கிலியைச் சரிபார்க்க முடியவில்லை என்ற பிகேஐஎக்ஸ் எர்ரர் தந்து நின்றுவிடும். அதற்காக எந்தச் சர்ட்டிஃபிகேட்டையும் நம்பிவிடும் டிரஸ்ட் மேனேஜரைக் கோடில் எழுதிவிடாதீர்கள், அப்புறம் பாதுகாப்பு என்று ஒன்றும் மிஞ்சாது.

படி 3: ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனைக் கட்டளையான எஸ்-கிளையன்ட்டில் 8443-ஐத் தொட்டுப் பாருங்கள், செயின் பகுதியில் 0, 1 என்று குறைந்தது இரண்டு வரி வர வேண்டும்.

பின்சேர்க்கை: ஜெட்டி 10-க்கு மாறியபின் ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முடிந்தும் 400 எர்ரர் வருகிறது, எஸ்என்ஐ (கிளையன்ட் சொல்லும் ஹோஸ்ட் பெயர்) செல்லாது என்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்கும் ஹோஸ்ட் பெயர் சர்ட்டிஃபிகேட்டில் இருக்கிறதா என்று இப்போது ஜெட்டியின் செக்யூர் ரிக்வெஸ்ட் கஸ்டமைசர் என்ற பகுதி சரிபார்க்கிறது. டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்டை உருவாக்கும்போதே மாற்றுப் பெயர்களில் லோக்கல்ஹோஸ்ட்டைச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சோதனையை அணைக்கவும் வழி உண்டு, ஆனால் புரொடக்‌ஷனில் அதைச் செய்ய வேண்டாம்.