சுங்குடி சேலையை இணையத்தில் விற்க: வூகாமர்ஸில் சின்னக் கடை திறப்பது எப்படி

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள், திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சுங்குடிக்கு (துணியை நூலால் முடிந்து சாயமேற்றிப் புள்ளிகள் வரவைக்கும் பருத்திச் சேலை) முடிச்சுப் போடும் குடும்பங்கள், அவர்களிடம் வாங்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்கும் அக்காக்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சொந்தமா ஒரு வெப்சைட் கடை போடணும்னா என்ன செய்யணும்?" கடையை நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. சேலையை எப்படிப் படம் எடுக்கிறீர்கள், என்ன விலை வைக்கிறீர்கள், எப்படிப் பார்சல் கட்டுகிறீர்கள் என்பதில்தான் கடை நிற்கும், அல்லது மூன்றே மாதத்தில் மூடிப்போகும். ஆகவே நிறுவும் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு மற்றதை விரிவாகச் சொல்கிறேன்.

எந்தத் தளம்?

ஷாப்பிஃபை என்ற இணையக் கடைச் சேவை என்றால் மாதச் சந்தா, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அமேசான், மீஷோ போன்ற சந்தைகளில் ஆள்வரத்து தானாக இருக்கும், ஆனால் அங்கே வாங்குகிறவர் அவர்களுடைய வாடிக்கையாளர், உங்களுடையவர் இல்லை. பத்து இருபது சேலையோடு தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வூகாமர்ஸ். இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் மேல் ஓடும் இலவச ப்ளகின் (துணை மென்பொருள்) அது. டொமைனுக்கும் (கடையின் இணைய முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் இடத்தின் வாடகை) வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், விற்பனை இல்லாத மாதத்தில் சந்தா ஓடாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அப்டேட், பேக்கப் இரண்டும் உங்கள் பொறுப்பு.

டொமைன் பெயரை போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் எழுத வேண்டும், அப்படி ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பாருங்கள்.

நிறுவுவது

பெரும்பாலான ஹோஸ்டிங் பேனல்களில் வேர்ட்பிரஸ்ஸை ஒரே சொடுக்கில் நிறுவலாம். உள்ளே போய் ப்ளகின்ஸ், ஆட் நியூ, வூகாமர்ஸ் என்று தேடி இன்ஸ்டால் செய்து ஆக்டிவேட் கொடுங்கள். கடை முகவரி கேட்கும், நாணயம் கேட்கும் (இந்திய ரூபாய்), அப்புறம் கடை, கார்ட், செக்அவுட், கணக்கு ஆகிய பக்கங்களை அதுவே உருவாக்கிவிடும். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் சைட் விசிபிலிட்டி 'கமிங் சூன்' என்றே இருக்கட்டும், வேலை முடியும்வரை வெளியாள் யாரும் பார்க்க வேண்டாம். அதே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் கெஸ்ட் செக்அவுட்டை அனுமதியுங்கள். ஒரு சேலை வாங்க வந்தவரைக் கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்ட் வை என்று நிறுத்தினால் அவர் போய்விடுவார். தீம் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டோர்ஃப்ரண்ட் போதும். லோகோவுக்கும் நிறத்துக்கும் ஒரு வாரம் செலவழிக்காதீர்கள்.

சேலையை ஏற்றுவது

முழுக் கவனமும் இங்கேதான் தேவை. துணியைத் தொட்டுப் பார்க்க முடியாத ஒருவருக்கு விற்கிறீர்கள். அவர் கை செய்ய வேண்டிய வேலையைப் படமும் எழுத்தும் செய்ய வேண்டும்.

படத்துக்கு கேமரா தேவையில்லை, போன் போதும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்த அரக்குச் சிவப்பு போன் திரையில் வேறு சிவப்பாகத் தெரியும், சேலை போய்ச் சேர்ந்ததும் "கலர் வேற" என்று திரும்பி வரும். ஃபில்டர் எதுவும் வேண்டாம். ஒரு சேலைக்கு நான்கைந்து படம்: முழு விரிப்பு, முந்தானை, பார்டர், ஒருவர் கட்டியிருப்பது, அப்புறம் கட்டாயமாகப் புள்ளிகளை நெருங்கி எடுத்தது ஒன்று. கையால் முடிந்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்து நிற்கும், தெரிந்தவர்கள் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள். ஏற்றும் முன் படத்தின் அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குச் சுருக்குங்கள். போன் எடுத்த நான்கைந்து எம்பி படத்தை அப்படியே போட்டால் பக்கம் திறப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார்.

விவரத்தில் உண்மையை எழுதுங்கள். கைமுடிச்சா, மெழுகு பிரிண்ட்டா, ஸ்க்ரீன் பிரிண்ட்டா என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மதுரை சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். எங்கிருந்தோ வந்த பிரிண்ட் சேலைக்கு அந்தப் பெயரை ஒட்டுவது, ஒவ்வொரு புள்ளியாக நூலில் முடிந்து உட்கார்ந்திருக்கிறவர்களின் கூலியில் கைவைப்பதுதான். பிரிண்ட் சேலை விற்பது தப்பே இல்லை, அதற்கும் ஆள் உண்டு, ஆனால் பிரிண்ட் என்று சொல்லி விற்கலாம். அதோடு நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, கஞ்சி போட்டதா, முதல் சலவையில் சாயம் போகுமா, தனியாக அலச வேண்டுமா, எல்லாம் எழுதுங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வையுங்கள், தேடுகிறவர்கள் இரண்டிலும் தேடுகிறார்கள்.

இன்வென்டரி பகுதியில் ஸ்டாக் மேனேஜ்மென்ட்டை இயக்கி எண்ணிக்கை போடுங்கள். கைமுடிச்சுச் சேலை ஒவ்வொன்றும் ஒரே பீஸ் என்றால் 1. இதை விட்டால் ஒரே சேலையை இருவர் வாங்கிவிடுவார்கள். பணம் கட்டாமல் பாதியில் நிற்கும் ஆர்டருக்காக வூகாமர்ஸ் அந்தச் சேலையை 60 நிமிடம் பிடித்துவைக்கும், பிறகு ஆர்டரை ரத்து செய்து ஸ்டாக்குக்குத் திருப்பிவிடும். நேரத்தைக் குறைக்கவும் கூட்டவும் வழி உண்டு.

விலைக் கணக்கு

ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சேலை கொள்முதல் 600 ரூபாய், கவரும் அட்டையும் 20, கூரியர் 80 என்று வையுங்கள். 900-க்கு 'ஃப்ரீ டெலிவரி' போட்டு விற்கிறீர்கள். பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்) 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் 21 ரூபாய் 24 காசு. மீதி சுமார் 179. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் பருத்திச் சேலைக்கான 5 சதவீத வரி அந்த 900-க்குள்ளேயே இருக்கிறது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்த வேண்டும். இப்போது ஒரு சேலை திரும்பி வருகிறது என்று வையுங்கள். போக 80, வர 80, கவர் 20. ஒரு சேலையில் கிடைக்க வேண்டிய லாபம் முழுக்கப் போயிற்று. அதனால்தான் ஆரம்ப மாதங்களில் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம் என்கிறேன். கதவு வரை போய் "வேண்டாம்" என்று திரும்பும் பார்சலின் செலவைத் தாங்கும் அளவுக்கு நீங்கள் இன்னும் வளரவில்லை.

வரியும் டெலிவரி எல்லையும்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு சேலை அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் சேலை அதில் அடங்குமா என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை ஷிப்பிங் செட்டிங்ஸில் தமிழ்நாடு என்று ஒரே ஒரு ஜோன் (டெலிவரி பகுதி) உருவாக்கி அதற்கு மட்டும் கட்டணம் வையுங்கள். வேறு மாநில முகவரி போட்டால் டெலிவரி வழி காட்டாது, ஆர்டரும் முடியாது. உள்ளூர்க்காரர்களுக்காக லோக்கல் பிக்அப்பையும் சேருங்கள், மதுரையில் இருப்பவர் நேரில் வந்து பார்த்து வாங்குவதையே விரும்புவார்.

பணம் வாங்குவது

ரேஸர்பே போன்ற கேட்வேயின் ப்ளகினை நிறுவி, பான் எண், வங்கிக் கணக்கு கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் உங்கள் தளத்தைப் பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, திருப்பி எடுக்கும் விதி, டெலிவரி விதி, தனியுரிமை ஆகியவற்றுக்குப் பக்கங்கள் இல்லையென்றால் ஒப்புதல் இழுக்கும். இது அவர்கள் வசதிக்காக மட்டும் இல்லை. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் விற்பவர் யார், எங்கே இருக்கிறார், புகாரை யாரிடம் சொல்வது என்பதைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வேறு தளத்திலிருந்து விதிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். எத்தனை நாளில் திருப்பி எடுப்பீர்கள், கூரியர் செலவு யாருடையது என்பதை நீங்களே நாலு வரியில் எழுதினால் போதும்.

பார்சல்

கூரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுவா தராசு எடையா, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 35, 28, 8 அளவுள்ள அழகான அட்டைப்பெட்டியில் வைத்தால் 1.57 கிலோ ஆகிறது, உள்ளே இருப்பதோ அரைக் கிலோ சேலை. அதையே தட்டையாக மடித்து 30, 25, 3 அளவில் கவரில் போட்டால் 0.45 கிலோ. பெட்டியின் அழகுக்கு மூன்று மடங்கு எடை! உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை கட்டாயம், மழைக்காலத்தில் நனைந்த பார்சலில் சாயம் இறங்கினால் யார் சமாதானம் சொல்வது?

எல்லாம் முடிந்ததும் ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருள் போட்டு, வேறு போனிலிருந்து உண்மையான பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். ஆர்டர் மெயில் வருகிறதா, ஸ்பேமில் விழுகிறதா என்று கவனியுங்கள். விழுந்தால் மெயிலை முறையாக அனுப்ப உதவும் எஸ்எம்டிபி ப்ளகின் ஒன்று போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆர்டர் பக்கத்திலிருந்தே பணத்தைத் திருப்பி அனுப்பியும் பாருங்கள், கோபமான வாடிக்கையாளர் முன்னால் அதை முதல்முறை கற்றுக்கொள்ள வேண்டாம். சரியாக இருந்தால் சைட் விசிபிலிட்டியை 'லைவ்' ஆக்கிவிடுங்கள், இணைப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். தேரோட்டத்தன்று மாசி வீதிகளிலும், அழகர் வரும் நாட்களில் தல்லாகுளம், ஆற்றங்கரைப் பக்கமும் வண்டி நுழையாது, பிக்அப்புக்கு ஆள் வரமாட்டார். இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் பார்சல் கிளம்பாது என்று கடைப் பக்கங்களில் தெரியும் அறிவிப்புப் பட்டையான ஸ்டோர் நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் காத்திருப்பார்கள், சொல்லாமல் தாமதித்தால்தான் கோபம் வரும்.