கிரிக்கெட் எறியும் கையைக் குவார்ட்டர்பேக் கையாக மாற்றுவது

எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரின் கையுறைக்குள் நேரே பந்தைப் போடத் தெரிந்த பிள்ளையிடம், அமெரிக்க ஃபுட்போலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு தோள், கடைசியில் முழங்கை என்ற வரிசை அந்த உடலுக்குப் பழகியது. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் பட்ரிக் மஹோம்ஸின் தந்தை தொழில்முறை பேஸ்போல் பந்துவீச்சாளர், மகனும் இளமையில் பேஸ்போல் ஆடியவர்தான். மிச்சப் பாதியில் சில கிரிக்கெட் பழக்கங்களை மறக்க வேண்டும், காலையும் கண்ணையும் புதிதாகப் பழக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்ட் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை வாங்கி, அதை யாரிடம் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். றக்பியில் பந்தை முன்னால் எறிந்தால் தவறு. இங்கே முயற்சி தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் நின்று முயற்சிக்கு ஒரு தடவை முன்னோக்கி எறியலாம், ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

பந்தும் பிடியும்

என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பந்தின் நீளம் 11 முதல் 11¼ அங்குலம், எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 397 முதல் 425 கிராம். கிரிக்கெட் பந்தைப்போல இரண்டரை மடங்கு. றக்பி பந்தை வைத்துப் பழகலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். 5ஆம் இலக்க றக்பி பந்தின் குறுக்குச் சுற்றளவு 58 முதல் 62 சென்ரிமீற்றர், இதற்கோ 54க்குள். றக்பி பந்தை ஒற்றைக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது, தவறான பிடிதான் பழகும். 9 முதல் 12 வயதுக்கு ஜூனியர் அளவு, 14 வரை யூத் அளவு, அதற்கு மேல் முழு அளவு. கொழும்பு மழைக்கும் ஈரக் காற்றுக்கும் தோல் பந்தைவிடச் செயற்கைத் தோல் பந்து நல்லது. தோல் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் விறைக்கும்.

காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 இறாத்தல். சைக்கிள் பம்பில் ஊசி மாட்டி அடிக்கலாம், ஊசியை முதலில் ஈரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் வால்வு கிழியும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பந்தை விட்டால் அழுத்தம் ஏறி விரல்கள் பிடிக்காது.

மோதிர விரலும் சுண்டுவிரலும் பந்தின் மேலுள்ள லேஸின் (தையல் கயிற்றின்) மேல் இருக்கட்டும். ஆட்காட்டி விரல் லேஸைத் தாண்டிப் பின்நுனிக்குக் கிட்ட, பெருவிரல் அடியில் எதிர்ப்பக்கம். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். கை சிறியதென்றால் பிடியைப் பின்நுனிப் பக்கம் நகர்த்துங்கள், அங்கே பந்து ஒடுங்கலாக இருக்கும்.

எறிதல்

முதற் கிழமை வலது முழங்காலை நிலத்தில் ஊன்றி, 10 யார்ட் தூரத்துக்கு 20 எறிகள் மட்டும். (இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளவும்.) கால் உதவாதபோது கை செய்யும் பிழை பளிச்சென்று தெரியும். பந்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே வைத்திருங்கள். இடத்தோள் இலக்கைப் பார்க்க, எறியும் கையின் முழங்கை தோள்மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலோ வரவேண்டும். பந்தை விடும்போது ஆட்காட்டி விரல்தான் கடைசியாகப் பிரியும். விட்டபின் உள்ளங்கை வெளிப்புறம் திரும்பி, பெருவிரல் நிலத்தைப் பார்த்து, கை இடப்பக்கக் காற்சட்டைப் பைக்குப் போய்ச் சேரட்டும்.

பந்து சுழல்வது விரல்கள் அதன் மேல் வழுகி இறங்குவதால். சுழற்பந்து வீசுபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சுழல வேண்டும் என்று மணிக்கட்டைத் தாங்களே திருகுவார்கள், பந்து காயம்பட்ட புறாவைப்போலத் தள்ளாடிப் போகும்.

இரண்டாம் கிழமை எழுந்து நின்று எறியுங்கள். முன்னங்காலை ஒரு பாதநீளம் மட்டும் எடுத்து வைத்து, பெருவிரலை இலக்கிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் இடுப்பு திறக்கும். எல்லைக்கோட்டு எறியில் பழகிய நீண்ட எட்டு இங்கே உதவாது. எட்டு நீண்டால் உடல் பின்னுக்குத் தங்கி, பந்து மேலே கிளம்பி, வாங்குபவரின் தலைக்கு மேலால் போகும். முன்னங்கால் இலக்குக்கு வலப்பக்கம் விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், கை தனியே எறிய முழங்கைதான் நோகும். பத்தில் எட்டு எறி வாங்குபவரின் நெஞ்சுக்கு வந்தால்தான் 15 யார்டுக்குப் போகலாம், பிறகு 20.

காலிமுகத்திடலில் பழகுபவர்கள் காற்றை ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வரும். கடலைப் பார்த்து எறியுங்கள்: சுழற்சி சுத்தமில்லாத பந்து எதிர்க்காற்றில் உடனே விழுந்துவிடும், எந்தப் பயிற்றுநரும் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் பட்டம் விடும் பிள்ளைகளால் இடம் நிறையும், ஆகவே காலை 6 மணிக்கே போங்கள். 15 யார்டுக்கு மேல் எறிவதென்றால் மூடிய மைதானம் தேடுங்கள்.

ஒரு நாளைக்கு 50 எறி, கிழமைக்கு மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். பந்துவீசிய நாளில் இதைத் தொடக்கூடாது. மார்ச்சில் பிக் மெட்ச் உள்ள வேகப்பந்து வீச்சாளர் அது முடியும்வரை காலடிப் பயிற்சி மட்டும் செய்யட்டும். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், மறுநாளும் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலும் கண்ணும்

பந்தை வாங்கியதும் எறிவதற்காகப் பின்னே போகும் மூன்றெட்டுப் பின்வாங்கல் வலது, இடது, வலது என்று போகும். முதல் எட்டு நீளம், மற்ற இரண்டும் குறுக்கம். மூன்றாம் எட்டு ஊன்றிய கணத்தில் பந்து கையைவிட்டுப் போக வேண்டும். தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்துக் கோட்டின் மேல் பந்தில்லாமலே தினம் 30 தடவை செய்யலாம்.

கண்ணுக்கான பாடத்தைத் தொலைக்காட்சியில் படிக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 10.30க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 11.30க்கு. பந்து கைமாறுமுன் படத்தை நிறுத்தி, தடுக்கும் அணியில் ஆழத்தில் நிற்பவர்களை எண்ணுங்கள். நடுவே ஒருவர் நின்றால் நடு அடைபட்டிருக்கிறது, கரையோரம் இடம் இருக்கும். இருவர் பிரிந்து நின்றால் நடு திறந்திருக்கும். பிறகு ஓடவிட்டு, அவர்கள் நின்ற இடத்திலேயே இருந்தார்களா, ஏமாற்றி நகர்ந்தார்களா என்று பாருங்கள். என்எஃப்எல்லில் தலைக்கவசத்துக்குள் கேட்கும் பயிற்றுநரின் குரல், முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது அறுந்துவிடும். அதன் பின் எண்ணுவது ஆட்டக்காரர் மட்டுமே.

எந்த வாசல் திறந்திருக்கிறது

என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தெரிவில் பெயர் வர, உயர்நிலைப் பாடசாலை முடித்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், அந்த ஆண்டுகளை அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில்தான் கழிப்பார்கள். ஏழு சுற்றுத் தெரிவில் குவார்ட்டர்பேக் டொம் பிரேடி 2000ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், பிறகு என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் போலை ஏழு தடவை வென்றார். ஆனால் அவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடி வந்தவர். அவுஸ்திரேலிய றக்பி லீக்கிலிருந்து நேரே வந்த ஜோர்டன் மைலாட்டா 2018இல் எடுக்கப்பட்டது உண்மை, ஆனால் அவருடைய இடம் முன்வரிசைத் தடுப்பு. குவார்ட்டர்பேக்குக்கு அந்த வழியை நம்பி உயர்தரப் படிப்பை விட வேண்டாம்.

கொழும்புப் பிள்ளைக்கு நெருங்கிய வாசல் ஃபிளாக் ஃபுட்போல். மும்பையில் 2023 ஒக்டோபரில் கிரிக்கெட்டை 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்த்த அதே கூட்டம்தான் இதையும் சேர்த்தது. பக்கத்துக்கு ஐந்து பேர். மோதி வீழ்த்துவதில்லை, இடுப்பில் தொங்கும் நாடாவை இழுத்தால் போதும். களம் 50க்கு 25 யார்ட், இரண்டு முனையிலும் புள்ளி எடுக்கும் 10 யார்ட் வலயம். குவார்ட்டர்பேக் பந்தோடு கோட்டைத் தாண்டி ஓட முடியாது. அவரை நோக்கி விரைபவர் 7 யார்ட் தள்ளியிருந்து கிளம்புவார். ஆக, இரண்டு மூன்று விநாடிக்குள் சரியான ஆளுக்கு 20 யார்டுக்குள் போடத் தெரிந்தால் போதும், 60 மீற்றர் எறியும் பலம் அவசியமே இல்லை.

எல்லா எறிகளையும் ஒரு கொப்பியில் எழுதி, குவார்ட்டர்பேக்கின் எறிகளை அளக்கும் என்எஃப்எல் மதிப்பீட்டிலேயே கணக்குப் பாருங்கள். 20 எறியில் 12 நம்மவர் கையில் சேர்ந்தன, 140 யார்ட், முனை வலயத்தில் எடுத்த புள்ளி (டச்டவுன்) ஒன்று, எதிரணி பிடித்தது ஒன்று என்று வைப்போம். சேர்ந்த விகிதம் 0.6இலிருந்து 0.3ஐக் கழித்து 5ஆல் பெருக்க 1.5. எறிக்கு 7 யார்ட், அதில் 3ஐக் கழித்து 0.25ஆல் பெருக்க 1. டச்டவுன் விகிதம் 0.05ஐ 20ஆல் பெருக்க 1. எதிரணி பிடித்த விகிதம் 0.05ஐ 25ஆல் பெருக்கி 2.375இலிருந்து கழிக்க 1.125. ஒவ்வொன்றும் 0க்குக் கீழும் 2.375க்கு மேலும் போகாது. கூட்டி 6ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 77.1. எதிரணி பிடித்த அந்த ஒரு பந்தை வெளியே எறிந்திருந்தால் 97.9 வந்திருக்கும்.