சீணமா இருக்குன்னு குளுக்கோஸ் ஏற்றப் போகாதீர்கள்

எங்கள் குமரி மாவட்டத்தில் யாராவது 'சீணமா இருக்கு' (உடம்பு சோர்வாக இருக்கு) என்றால், அடுத்த பேச்சே 'ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தா சரியாயிரும்' என்பதுதான். முதல் தவறு இதுதான். அரை லிட்டர் பாட்டிலில் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஆறு டீஸ்பூன், அவ்வளவுதான். வாந்தி, பேதி என்று தண்ணீர் கூட வயிற்றில் நிற்காமல் கிடப்பவருக்கு டிரிப் வேண்டும், சரி. மாதக்கணக்கில் சோர்ந்திருப்பவருக்கு அது எதையும் தீர்க்காது. அந்தச் சோர்வே சர்க்கரை நோயால் வந்ததென்றால் இன்னும் மோசம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகும் என் மைனி (அண்ணி), விடியுமுன்னே எழும்புவதால்தான் இந்த அலுப்பு என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடக்கும். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அவரோ தினமும் கட்டஞ்சாயாவோடு விழுங்கியிருக்கிறார்! தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்தாதீர்கள், அது மாத்திரையால் வருவது. அளவு ஏறியதும் நிறுத்துவதும் தவறு, அதன்பிறகும் மூன்று மாதம் போல சாப்பிட்டால்தான் உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு நிரம்பும். அப்புறம், ரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடக்கூடாது: அதிக மாதவிடாயா, ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்து ஏறிய கொக்கிப்புழுவா? ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் ரத்தம் குறைந்தால் மூலம், வயிற்றுப்புண், குடல் புற்று வரை தேடிப் பார்க்க வேண்டும்.

எடை கூடி, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சேர்ந்தால் தைராய்டு பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், பலத்த குறட்டையும் இருந்தால், அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். எதிலும் மனம் ஒட்டாமல் கிடப்பவரைச் 'சோம்பேறி' என்று வீட்டில் திட்டுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது, மனச்சோர்வும் உடம்பைப் படுக்கப் போடும் நோய்தான்.

ஓய்வெடுத்தும் இரண்டு மூன்று வாரத்தில் தெளியவில்லையா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சோர்வோடு நெஞ்சு அடைத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, இரும்பு மாத்திரை சாப்பிடாமலே மலம் தார் போலப் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி; வண்டி இல்லையென்றால் 108.